பட்டியலில் இல்லாத பெயர்

ஜனவரி 6, செவ்வாய்

புல்லில் பனி காய்வதற்கு முன்பே ஓட விட்டார் கோச். கால்பந்தில் வலது பின்பக்கத் தடுப்பு என் இடம். பதினைந்து வருடமாக எந்த ஊர் போனாலும் அதே இடம்தான். எதிரே புதிதாக வந்திருக்கும் ஒருவன், இருபது வயது இருக்கும். மூன்று முறை என்னைத் தாண்டிப் போனான். முன்பெல்லாம் ஒருவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே போய் நின்றுகொள்வேன். இப்போதும் தெரிகிறது. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விடுகிறான், அவ்வளவுதான்.

அறைக்கு வந்து முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டினேன். எங்கள் கோல்கீப்பர் (தாடி என்றுதான் கூப்பிடுவோம்) என்னோடுதான் தங்கியிருக்கிறான். கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அந்த ஐஸை எங்கிட்டக் குடுடா, ஜூஸ்ல போட்டாலாவது பிரயோஜனப்படும்" என்றான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன். சில்வண்டுதான் எடுத்தாள். ஒன்பது வயது, பேச ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டாள், அதனால்தான் அந்தப் பெயர்.

"வியாழக்கிழமை ஆடுவியாப்பா?"

"கோச் சொன்னா ஆடுவேன்."

"நான் வேணா கோச்கிட்ட சொல்லவா?"

அவளைப் பார்த்து இரண்டரை மாதம் ஆகிறது. போனில் குரல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

ஜனவரி 8, வியாழன்

வெளியூர் ஆட்டம். 0-2. தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில். குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று எல்லோரும் கத்தினார்கள். எனக்கென்ன, வியர்த்திருந்தால்தானே.

ஜனவரி 12, திங்கள்

பயிற்சி முடிந்ததும் கோச் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். வந்த நாளிலிருந்து "வாடா", "போடா", "கிழவா" இப்படித்தான். கதவைத் திறந்தேன். "உக்காருங்க" என்றார்.

அந்த "ங்க"விலேயே தெரிந்துவிட்டது.

ஏதேதோ சொன்னார். புதுப் பையனை எடுக்கிறார்களாம், நிர்வாகத்தின் முடிவாம், அவர் கையில் ஒன்றுமில்லையாம். மேஜைமேல் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி கிடந்தது. பேசி முடிக்கும்வரை அதையே உருட்டிக்கொண்டிருந்தார். "மாசக் கடைசி வரைக்கும் ரூம்ல இருந்துக்கங்க." எழுந்து கை கொடுத்தேன்.

வீட்டுக்குப் போன் செய்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மனைவிதான் எடுத்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் மெஷின் மக்கர் பண்ணியதாம்; நூற்றிருபது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பார்த்தாளாம். கால் இரண்டும் மரத்துப் போய்விட்டது என்றாள். அப்புறம், "நாளைக்குக் காலைல பிராக்டிஸ்தானே?" என்றாள்.

"ஆமா."

வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

ஜனவரி 14, புதன்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. மணி அடித்ததும் அது காலி. தனியாக ஓடினேன். சுவரில் பந்தை அடிப்பது, திரும்பி வருவதை நிறுத்துவது, மறுபடி அடிப்பது. சுவரைவிட நல்ல கூட்டாளி கிடையாது. சரியாகக் கொடுத்தால் சரியாகத் திருப்பித் தரும், வயதைக் கேட்காது.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். "ரெண்டு மூணு இடத்துல பேசிட்டிருக்கேன், பொறுங்க" என்கிறார். ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கான ஜன்னல் இன்னும் பதினேழு நாள் திறந்திருக்கும். அதற்குள் ஒரு கிளப் கிடைத்துவிட்டால் வீட்டில் நல்ல செய்தியாகவே சொல்லிவிடலாம். கிளப் மாறிட்டேன், அவ்வளவுதான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 17, சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டரை மணி ஆனதும் கால் தானாக மைதானத்துப் பக்கம் திரும்பிவிட்டது. டிக்கெட் வாங்கி, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் என் சொந்த மைதானத்தை மேலே இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சின்னதாக இருக்கிறது! என் இடத்தில் புதுப் பையன். நன்றாகத்தான் ஆடுகிறான். அதுதான் கஷ்டமாக இருந்தது. மோசமாக ஆடியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

பக்கத்தில் ஒரு பெரியவர் என்னையே உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த ரெண்டாம் நம்பர் இல்ல?"

"இல்லைங்க. என்னை மாதிரியே இருப்பார்னு சொல்வாங்க."

"ஆமாமா, அவர் இன்னும் கொஞ்சம் உயரம்" என்றார்.

வீட்டுக்குப் போன் செய்தேன். ஆட்டம் என்ன ஆச்சு என்று சில்வண்டு கேட்டாள். ஒன்றுக்கு ஒன்று, டிரா என்றேன். அது உண்மை. "நீ ஆடினியாப்பா?" "ஆடினேன். எழுபது நிமிஷம்." ஏன் எழுபது? தொண்ணூறு என்றால் நம்பமாட்டாள் என்றா? பொய்யிலும் என்னைக் கடைசிவரை ஆட விடவில்லை நானே.

ஜனவரி 19, திங்கள்

மழை. ஓடப் போகவில்லை. தாடி பயிற்சிக்குப் போய்விட்டான். சும்மா உட்கார்ந்து எண்ணினேன். பதினோரு கிளப்.

முதல் கிளப் சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில். ஆட்டம் முடிந்து தலைக்கு ஊற்றினால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். மூன்றாவது, துறைமுகத்து ஊர். கப்பல் ஊதினால் ரெஃப்ரி விசிலடித்துவிட்டார் என்று ஆளாளுக்கு நின்றுவிடுவோம். ஐந்தாவதில் மைதானமே ஒரு பக்கம் சரிவு. டாஸ் ஜெயித்தவன் பாதி ஆட்டத்தை ஜெயித்த மாதிரி. ஏழாவது கிளப்பை நான் போன நாலாவது மாதம் இழுத்து மூடிவிட்டார்கள். எட்டாவதில் ஒரு கோல் அடித்தேன். வாழ்க்கையில் மொத்தம் நாலு. அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே.

சில்வண்டு பிறந்த செய்தி வந்தபோது பஸ்ஸில் இருந்தேன். நாலு கோல் வாங்கித் தோற்ற நாள். யாரும் பேசவில்லை, எல்லோர் தலையும் தொங்கிக் கிடக்கிறது. என் போன் அடிக்கிறது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறேன். பதினொரு நாள் கழித்துத்தான் பிள்ளையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மனைவி கதவைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எப்பக் கிளம்பணும்?" கோபத்தில் கேட்பதில்லை. லேபில் யாரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, எந்த நாள் லீவு போடுவது என்று அவள் கணக்குப் போட வேண்டும். ஆனாலும், வாசற்படியில் பையோடு நிற்கும்போது அந்தக் கேள்வி காதில் விழுந்தால்...

அப்படி என்னதான் இருக்கிறது இந்த ஆட்டத்தில்? ஆட்டத்துக்கு முன்னால் அந்தச் சின்ன நடைவழியில் இரண்டு வரிசையாக நிற்போம். இருபத்திரண்டு ஜோடி பூட்ஸும் சிமென்ட் தரையில் கடகடக்கும். யாரும் யாரையும் பார்க்கமாட்டோம். அந்த ஒரு நிமிடம். வெளியே நாற்பது பேர் இருந்தாலும் நாலாயிரம் பேர் இருந்தாலும் அந்தச் சத்தம் ஒன்றுதான். அதற்காகத்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 24, சனி

இன்று மைதானத்துக்குப் போகவில்லை. 0-3 தோல்வி, தாடி வந்து கதவை உதைத்தான்.

போன் செய்தேன். சில்வண்டு எடுத்தாள். ஆடினாயா என்று கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே பார்த்து, "அம்மா, அப்பா நல்லா ஆடினாராம்!" என்று கத்தினாள்.

நான் ஒன்றுமே சொல்லவில்லையே.

ஜனவரி 27, செவ்வாய்

ஏஜென்ட்! பன்னிரண்டாவது கிளப்! இரண்டு நாள் ரயில் பயணம், அப்புறம் பஸ். இந்த சீசன் முடியும்வரை, பிறகு இன்னும் ஒரு வருடம். அவர்கள் வலது பின்பக்கத்து ஆளுக்குக் கால் உடைந்துவிட்டதாம். பாவம். (பாவம் என்று எழுதிவிட்டுச் சிரிக்கிறேன், நல்ல மனுஷன் நான்.) பேப்பரில் 31ஆம் தேதிக்குள் பெயரைப் பதிந்துவிடுவார்கள், நான் நேரில் பிப்ரவரி 6ஆம் தேதி நின்றால் போதும்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"முட்டிக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

சுவரோடு ஒரு மணி நேரம் ஆடினேன். வலி தெரியவில்லை. நாளை வீட்டில் சொல்லிவிடுவேன்.

ஜனவரி 29, வியாழன்

நேற்றும் சொல்லவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு மனைவியின் எண்ணிலிருந்து போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாளே என்று பதறி எடுத்தேன். சில்வண்டு. அம்மா லேபுக்கு லேட்டாகப் போகிறாளாம், குளித்துக்கொண்டிருக்கிறாளாம். குசுகுசுவென்று பேசினாள். இவளுக்குக் குசுகுசுவென்று பேசக்கூடத் தெரியுமா?

"அப்பா, லீக் வெப்சைட்ல லிஸ்ட் போடுவாங்கல்ல, ஆடறவங்க பேரெல்லாம். அதுல உன் பேரு இல்ல."

எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மேட்சா இல்ல. வெளில உக்கார்றவங்க லிஸ்ட்லயும் தேடினேன். அதுலயும் இல்ல."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லலப்பா. அம்மா கேட்டாங்கன்னா நீ ஆடினேன்னுதான் சொல்றேன்." குரலை இன்னும் இறக்கினாள். "வர்ற சனிக்கிழமைக்கு என்ன சொல்லணும்? எத்தனை நிமிஷம்?"

அய்யோ. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். என்ன பண்ணி வெச்சிருக்கேன். எத்தனை நிமிஷம்னு கேக்கறா. எம்பொண்ணு எனக்காகப் பொய்யை முன்கூட்டியே தயார் பண்றா. ஒம்போது வயசு.

"ஒண்ணும் சொல்ல வேணாம்டா. அப்பா வர்றேன்" என்றேன். அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். வைத்துவிட்டாள்.

ஜனவரி 30, வெள்ளி

தாடி பஸ் நிலையம்வரை வந்தான். என் பையைத் தூக்கிக்கொண்டு, "உள்ள என்னடா, கோல் போஸ்ட்டா?" என்றான். பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினான். கார்னர் வரும்போது என் முதுகில் தட்டுவதும் அப்படித்தான்.

ஜனவரி 31, சனி

மத்தியானம் வீடு சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் கொஞ்சம் திகைத்தாள். அப்புறம் அதே கேள்வி: "எப்பக் கிளம்பணும்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கோச், பெஞ்ச், பள்ளிச் சுவர், எழுபது நிமிடம். சில்வண்டுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"கிளப் போச்சுன்னா போகுது. பதினோரு தடவை போயிருக்கு. உங்களுக்கு வேலை இல்லேன்னா நான் செத்தா போயிடுவேன்? ஆனா அந்தப் பொண்ணு... ராத்திரி எம்பக்கத்துல படுத்துக்கிட்டு, அப்பா சூப்பரா ஆடினாராம்மான்னு சொன்னா. நான் சந்தோஷமாத் தூங்கினேன். அவ தூங்கினாளா?"

அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க இல்லாத வீட்ட நான் நடத்திடுவேன். பொய் சொல்ற பொண்ண வெச்சு என்னால நடத்த முடியாது."

சமையலறைக்குள் போனாள். பாத்திரம் உருளும் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாலையில் சில்வண்டை நடுவில் உட்கார வைத்து, "அப்பா தப்புப் பண்ணிட்டேன், நீ இனிமே எதையும் மறைக்க வேணாம்" என்றேன். அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "அப்ப நிஜமாவே எழுபது நிமிஷம் இல்லையா?" என்றாள்.

பிப்ரவரி 2, திங்கள்

பெயர் பதிந்துவிட்டார்கள் என்று ஏஜென்ட் சொன்னார். டிக்கெட் 4ஆம் தேதி, மாலை ரயில்.

மனைவியிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கேட்கிற மாதிரி சொன்னேன். லேப் உடையை மடித்துக்கொண்டே பேசினாள்.

"போறதா இருந்தாப் போங்க. போகலேன்னா எனக்காகப் போகலேன்னு மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு ஜன்னல் பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பெருமூச்சு விடுவீங்க, அந்தப் பழிய நான் சுமக்கணும். என்னால ஆகாது."

பை பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷைக்கூடத் தேய்த்துவிட்டுப் பைக்குள்தான் போடுகிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நாளை ரயில். போகிறேன் என்றுதான் முடிவு. அதற்கு முன் ஒரு நாளாவது நானே போய் அழைத்துவருகிறேன் என்று மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். சில்வண்டு உள்ளே இருந்து என்னைப் பார்த்துக் குதித்தாள். காவலாளி கையில் ஒரு அட்டை.

"யார் சார் நீங்க?"

"இவளோட அப்பா."

அட்டையில் விரல் வைத்துக் கீழே வரை வந்தார். "அம்மா பேர் இருக்கு. மாமா பேர் இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அப்பான்னு யாரும் இல்லையே."

"எங்கப்பாதான்! நிஜமா எங்கப்பாதான்!" என்று கம்பிக்கு அந்தப் பக்கம் சில்வண்டு கத்தினாள்.

"இருக்கலாம் பாப்பா. லிஸ்ட்ல இல்லையேம்மா."

அவர் மேல் தப்பில்லை. லேபுக்குப் போன் போட்டார்கள். மனைவி யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாளாம், நாற்பது நிமிடம் ஆனது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கம்பி வழியே ஒரு பென்சிலைக் கொடுத்து, சீவித் தரச் சொன்னாள். சீவினேன். இன்னொன்றைக் கொடுத்தாள். அவளிடம் இருந்த ஏழு பென்சிலையும் சீவி முடித்த பிறகுதான் கேட் திறந்தது.

வரும் வழியில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு ஏதோ கதை. எதுவும் என் காதில் ஏறவில்லை.

பிப்ரவரி 4, புதன்

காலையில் ஏஜென்டிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனுஷர் திட்டினார், திட்டட்டும். மனைவியிடம், "எனக்காகத்தான் போகல" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். "இதக் கொண்டுபோய்க் குடுங்க. நாளைலேர்ந்து உங்க பேர் இருக்கும்."

மாலை ஐந்தரைக்கு ரயில் கிளம்பியிருக்கும். ஐந்தரைக்கு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையை மூன்று முறை மடித்தேன்.

பிப்ரவரி 28, சனி

வீட்டில் நான் எதையும் சரியான இடத்தில் வைப்பதில்லையாம். கரண்டி எங்கே என்று நாளைக்கு நாலு முறை கேட்கிறேனாம். "ஹோட்டல்ல ரூம் எடுத்த மாதிரி இருக்கீங்க" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சனிக்கிழமை மூன்று மணி வந்தால் உடம்பு எழுந்து நிற்கிறது. பசி இருக்காது. உள்ளங்கை வேர்க்கும். இப்போது எங்கெங்கோ அந்த நடைவழிகளில் நிற்பார்கள். நான் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிறேன். வாளி நிரம்பி வழிந்தது கூடத் தெரியவில்லை. மனைவி வந்து குழாயை மூடினாள்.

மார்ச் 16, திங்கள்

நகராட்சி மைதானத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மச்சான் சொல்லிவைத்திருந்தார். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, கோடு போடுவது, மாலையில் பெண்கள் அணிக்குப் பயிற்சி. பதினைந்து வருடம் எத்தனை மைதானக்காரர்களைத் திட்டியிருப்பேன்! முதல் நாளே பெனால்டி கட்டத்தைக் கோணலாகப் போட்டுவிட்டேன். அணியின் கேப்டன், தபால் பட்டுவாடா செய்கிற பெண், வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்ம கோலா, அவங்க கோலா? அவங்கதுன்னா இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தாடி போன் செய்தான். அவனையும் அடுத்த மாதம் விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. "உன்ன மாதிரி எவனும் என்னத் திட்டறதில்லடா. நிம்மதியாவும் இருக்கு, ஒரு மாதிரியாவும் இருக்கு" என்றான். பின்னால் பஸ் இரைச்சல், யாரோ பாடும் சத்தம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னான். அந்தச் சரிவு மைதானம். டாஸ் ஜெயித்தால் முதலில் மேல் பக்கம் எடுக்கச் சொன்னேன்.

வைத்த பிறகு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போயிருக்கலாமோ? இன்னும் ஒரு வருடம் ஆடியிருக்கலாமோ? ஆடியிருக்கலாம். இதை எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆடியிருக்கலாம்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று சில்வண்டின் பள்ளியில் ஓட்டப் பந்தயம். இருநூறு மீட்டர். நான் போனேன். ஓரமாக உட்காரத்தான் போனேன். அவள் வளைவில் திரும்பும்போது என்னையறியாமல் கோட்டோரமாகவே ஓட ஆரம்பித்துவிட்டேன். "கையை வீசு! தலையைத் தூக்கு! உள்பக்கம் வா, உள்பக்கம்!" பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. மூன்றாவதாக வந்தாள்.

மெடலோடு நேராக என்னிடம் வந்து, "உன்ன யாரு வரச் சொன்னது? இனிமே எந்த ரேஸுக்கும் நீ வரக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, மாமா ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். வீட்டில் நான் ஒரு அறைக்கு வந்தால் அவள் அடுத்த அறைக்குப் போகிறாள்.

மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கிட்ட ஒரு தடவை நாலு நாள் பேசாம இருந்திருக்கா. தெரியுமா?"

தெரியாது. என்னிடம் அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதே இல்லை. பத்து நாள் லீவில் வந்து போகிறவனிடம் கோபப்பட அவளுக்கு நாள் ஏது? இன்று ஒரு முழு நாளை என்மேல் கோபப்பட்டே தீர்த்துவிட்டாள். நாளைக்கும் பேசமாட்டாளாம், அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.